சிக்கிய பிஷப்பை உங்கள் செஸ் என்ஜின் கண்டுபிடிக்கிறதா?

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாகச் செஸ் என்ஜின் (செஸ் ஆடும் நிரல்) எழுதுபவர்கள், ஒரு நிலை யாருக்கு எவ்வளவு சாதகம் என்று எண்ணாகச் சொல்லும் மதிப்பீட்டுப் பகுதியைச் சோதிக்க 1972 ரெய்க்யவிக் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைவாவில் விளக்கவும் இதைவிடத் தெளிவான நிலை அமையாது. 29ஆவது நகர்த்தலில், கறுப்புக் காய்களோடு ஆடிய ஃபிஷரின் பிஷப் ஹெச்2 சிப்பாயை வெட்டியது. வெள்ளை ஆடிய ஸ்பாஸ்கி சிப்பாயை ஜி3-க்கு நகர்த்தி வழியை அடைத்தார். 35ஆவது நகர்த்தலில் பிஷப் விழுந்தது. வெட்டியது முதல் விழுந்தது வரை 12 அரை நகர்த்தல்கள் (ஒருவர் ஒரு முறை ஆடுவது ஓர் அரை நகர்த்தல்). 6 அரை நகர்த்தல் ஆழம் வரை மட்டும் தேடும் என்ஜினுக்கு ஒரு சிப்பாய் லாபம் என்றுதான் தெரியும்.

காய் போகக்கூடிய கட்டங்களை எண்ணி இதைச் சரிசெய்ய முடியாதா? அந்த எண்ணிக்கை அவசியம்தான். எதிரியின் சிப்பாய்கள் தாக்கும் கட்டங்களைக் கழித்து எண்ணுங்கள். கட்டத்துக்கு இவ்வளவு என்று சீராகக் கொடுக்காமல் அட்டவணை வையுங்கள். 0-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி 8-க்கும் 9-க்கும் உள்ளதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் ஆட்டத் தொடக்கத்தில் எஃப்1 பிஷப்புக்குப் போக ஒரு கட்டமும் இல்லை. ஹெச்2-ல் மாட்டிய பிஷப்புக்கோ ஜி1 இருக்கிறது! எண்ணிக்கையை மட்டும் நம்பினால் முதலாவதுதான் மோசம் என்றாகிவிடும். தன் சிப்பாய் மறித்தால் ஒரே நகர்த்தலில் விடுதலை உண்டு, எதிரியின் சிப்பாய் மறித்தால் இல்லை.

அதனால் தனி விதி தேவை: கறுப்பு பிஷப் ஹெச்2-லும், வெள்ளைச் சிப்பாய்கள் எஃப்2, ஜி3-லும் இருந்தால் 150 சென்டிபான் (ஒரு சிப்பாயின் மதிப்பு 100 சென்டிபான்) கழியுங்கள். 100-க்குக் கீழே வைத்தால் சிப்பாயை வெட்டும் ஆசை அடங்காது. பிஷப்பின் முழு மதிப்பையும் கழிப்பதும் தவறு. ஃபிஷருக்கு அந்த பிஷப்புக்கு ஈடாக 2 சிப்பாய்கள் கிடைத்தன. இதே விதியை ஏ2-க்கும், வெள்ளை பிஷப்புக்கு ஏ7, ஹெச்7-க்கும் எழுத வேண்டும். பிழை அதிகம் நுழையும் இடம் இதுதான். பலகையை நிறம் மாற்றித் திருப்பி மதிப்பிடுங்கள். குறி மட்டும் மாறி அதே எண் வராவிட்டால் ஏதோ ஒரு மூலை தவறு.

ராஜா ஜி1-லும் யானை ஹெச்1-லும் அடைபட்டிருந்தால் நடு ஆட்டத்தில் 40-50 கழித்தால் போதும். இறுதி ஆட்டத்தில் ராஜா எப்படியும் வெளியே நடப்பதால் ஏறக்குறைய பூஜ்யம். ராஜா இ1-லேயே இருந்து காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் சேர்ந்து இடம் மாறுவது) உரிமையும் மிச்சமிருந்தால் தண்டனையைப் பாதியாக்குங்கள்.

இந்த எண்களைத் தானியங்கி ட்யூனிங்கிடம் (ஆட்டத் தரவிலிருந்து எடைகளைத் தானே கணிக்கும் முறை) விடாதீர்கள். இத்தகைய நிலைகள் பயிற்சித் தரவில் அரிது, எனவே எடை எங்காவது போய் நிற்கும். கையால் நிர்ணயித்து, ஆயிரக்கணக்கான வேக ஆட்டங்களில் பழைய பதிப்போடு மோதவிடுங்கள்.

இப்படிக் கையால் எழுதிய விதிகளுக்கு மாதிரியாக, ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜினின் 11ஆம் பதிப்பின் மூலநிரலைப் படிக்கலாம். 2020-ல் வந்த 12ஆம் பதிப்பில், தரவிலிருந்து கற்று மதிப்பிடும் நரம்பு வலை நுழைந்தது. 2024-ல் வந்த 16.1 பதிப்பில் கையால் எழுதிய மதிப்பீடே நீக்கப்பட்டிருந்தது.

விதிக்குள் அடங்காத நிலைகளும் உண்டு. அதே ஆட்டத்தில் 32ஆவது நகர்த்தலாகக் கறுப்பு தன் சிப்பாயை ஹெச்3-க்கு ஆடியிருந்தால், தொடர்ச்சி இப்படி: வெள்ளை ராஜா ஜி4, கறுப்பு பிஷப் ஜி1, வெள்ளை ராஜா ஹெச்3-ல் வெட்டு, கறுப்பு பிஷப் எஃப்2-ல் வெட்டு, வெள்ளை பிஷப் டி2. இப்போது கறுப்பு பிஷப் மாட்டியிருப்பது எஃப்2-ல். இதற்கும் விதி எழுத ஆரம்பித்தால் முடிவே இருக்காது. தேடலின் ஆழத்துக்கு விட்டுவிடுங்கள்.