சித்தப்பாவின் பென்ஷன் கணக்கு

தண்டையார்பேட்டை சித்தப்பா எல்லையில் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தவர். நேற்று அவரோடு உட்கார்ந்து பென்ஷன் தாளைப் பார்த்தேன். சர்வீஸுக்கு ஒரு பங்கு. ஊனத்துக்கு, அது எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்து, கடைசிச் சம்பளத்தில் ஒரு பங்கு. அகவிலைப்படி அரசு ஊழியருக்கு ஏறும்போது இவருக்கும் ஏறுகிறது, சரி. ஆனால் அவர்கள் 60 வயது வரை இன்க்ரிமென்ட், பதவி உயர்வு என்று போவார்கள். இவருக்கு 29 வயதில் எல்லாம் நின்றுவிட்டது. இதுதான் என்னால் தாங்க முடியாதது.

மாடி ஏற முடியாது, அதனால் தரைத்தள வீடு, வாடகை கூட. பஸ்ஸில் ஏற முடியாது, ஆட்டோதான். சராசரிக் குடும்பத்தின் விலைவாசியை வைத்துப் போடும் அகவிலைப்படியில் இதற்கெல்லாம் இடமே இல்லை. தெருவில் மழைத்தண்ணீர் நின்றால் அவர் வெளியே வருவதே இல்லை.