வல்லாரையில் காட்மியம் அளந்த கதை

முதுகலை ஆய்வுக்காக வல்லாரை, கீழாநெல்லி, தூதுவளை மூன்றையும் நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கினேன். இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகளும் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் ஆகிய நச்சு உலோகங்களும் அவற்றில் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. தனிமங்களை அணு நிறையை வைத்துப் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி எண்ணைச் சொல்லிவிடும் என்று தைரியமாக இருந்தேன்.

வாங்கிய இலைகளை நன்றாக அலசி உலர்த்தினேன். "வாங்குகிறவங்க கழுவியா பொடி பண்றாங்க?" என்று வழிகாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. கழுவாமல் மறுபடி அளந்தபோது கீழாநெல்லியில் இரும்பு வெகுவாகக் கூடியிருந்தது. கூடவே மண்ணில் நிறைய இருக்கும் அலுமினியமும் ஏறியிருந்ததால், அது இலையில் ஒட்டிய மண் என்று புரிந்தது. அதைச் செடியின் சத்து என்று எழுதியிருந்தால் பெரிய தப்பு. எஃகு மிக்ஸி ஜாரிலிருந்து குரோமியமும் நிக்கலும் பொடியில் கலக்கும் என்பதால், அரைப்பதை அகேட் கல் உரலுக்கு மாற்றினேன்.

அப்புறம் அமிலத்தில் கரைப்பது. அரை கிராம் பொடியை டெஃப்ளான் குடுவையில் போட்டு, நைட்ரிக் அமிலமும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டு, பொங்கி அடங்கிய பிறகே மூடி மைக்ரோவேவில் வைக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கவில்லை. அதிலுள்ள குளோரின், கருவியிலுள்ள ஆர்கான் வாயுவுடன் சேர்ந்து, ஆர்சனிக்கின் நிறையான 75-இலேயே வந்து ஆர்சனிக் போலவே தெரியும். கரைந்ததை 50 மில்லியாக்கினால் நூறு மடங்கு நீர்த்துவிடும். ஆயுஷ் மருந்துகளில் காட்மியத்துக்கு வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். என் கரைசலில் அது லிட்டருக்கு வெறும் 3 மைக்ரோகிராம். இந்த அளவில் கைப்பட்ட தூசிகூடக் கணக்கில் வந்துவிடும்.

அப்படித்தான் இரண்டு வாரம் போனது. மூலிகையே போடாத வெற்றுக் கரைசலில் துத்தநாகம் வந்துகொண்டே இருந்தது. அமிலத்தை மாற்றினேன். பாட்டில்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் இரவெல்லாம் ஊற வைத்தேன். குறையவில்லை. கடைசியில் பார்த்தால் ரப்பர் கையுறை! அதன் தயாரிப்பில் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள். வினைல் கையுறைக்கு மாறியதும் வெற்றுக் கரைசல் சுத்தமாக வந்தது. அளவு தெரிந்த ஆப்பிள் இலைப் பொடியை அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி விற்கிறது. அதையும் கூடவே ஓட்டி, எண்கள் ஒத்துப்போன பிறகுதான் என் முடிவுகளை நம்பினேன்.

ஒரு கடை வல்லாரையில் மட்டும் காட்மியம் வரம்பைத் தாண்டியது. மூன்று முறை புதிதாகக் கரைத்தும் அதே எண். ஈரமான வாய்க்கால் ஓரங்களில் படரும் செடி அது. எங்கே பறித்தது என்று போய்க் கேட்டேன். கடைக்காரருக்கும் தெரியவில்லை.