கீல் இல்லாத முழங்கால்

ஜூன் 2

ரோபோ காலுக்கு முட்டி வடிவமைக்கும் வேலையைத் தொடங்கியாயிற்று. ஓர் அச்சு, இரண்டு பேரிங், பக்கத்தில் ஒரு மோட்டார் என்று கதவுக் கீல் போல ஒன்றைப் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். நிறைய ரோபோக்கள் அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் மனித முழங்காலில் நிலையான அச்சு என்று ஒன்று கிடையாது. காலை மடக்கும்போது தொடை எலும்பின் உருண்டை முனை, கீழ் எலும்பின் மேல் உருள்கிறது, கூடவே வழுக்கவும் செய்கிறது. 1836-லேயே ஜெர்மன் விஞ்ஞானிகளான வெபர் சகோதரர்கள் இதை எழுதிவிட்டார்கள். வழுக்காமல் உருண்டுகொண்டே போனால் தொடை எலும்பு பின்பக்க விளிம்பைத் தாண்டிவிடும். அதைத் தடுப்பதில் முக்கியப் பங்கு, மூட்டுக்குள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும் இரண்டு தசைநார்களுக்கு.

ஜூன் 5

அந்த இரண்டு தசைநார்களையும் இரண்டு எலும்புகளையும் நான்கு கம்பிகளாக வரைந்தால், பொறியியல் மாணவர்களுக்குப் பழக்கமான நாற்கம்பி இணைப்பு வந்துவிடும். செயற்கைக் கால்களில் இது நன்றாகவே வேலை செய்கிறது: நிற்கும்போது சட்டென்று மடங்காது, காலை வீசும்போது பாதம் தரையில் இடிக்காமல் தப்பிக்கும். எனக்குப் பிடிக்காதது கம்பிகளைக் கோக்கும் பின்கள், அதாவது சிறு அச்சு ஆணிகள்தான். எடை முழுக்க அவற்றின் மேல்; தேயத் தேய நான்கு இடத்திலும் ஆட்டம் கொடுக்கும்.

ஜூன் 9

உருளும் மூட்டு என்று முடிவு செய்தேன். 20 மிமீ ஆரமுள்ள இரண்டு உருளை முகங்கள், அவற்றைக் குறுக்காகக் கட்டிப் பிடிக்கும் மெல்லிய எஃகுப் பட்டைகள். 90 பாகை மடக்கினால் தொடும் புள்ளி ஒவ்வொரு முகத்திலும் 45 பாகைதான் நகர்கிறது, கிட்டத்தட்ட 15.7 மிமீ. ஒரு முகத்திலிருந்து பட்டை எவ்வளவு அவிழ்கிறதோ அவ்வளவே மற்றதில் சுற்றிக்கொள்கிறது. அதனால் நீளம் மாறுவதில்லை, தொய்வும் இல்லை. இது வட்டத்துக்கு மட்டுமல்ல, வழுக்காமல் உருளும் எந்த வடிவத்துக்கும் பொருந்தும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஜூன் 14

குந்தும்போது முட்டிக்கு விழும் சுமையைக் கணக்குப் போட்டேன். தொடை கிடைமட்டமாகும்போது உடலின் எடை முட்டியிலிருந்து வெகுவாக விலகிவிடுகிறது. அங்கேதான் முறுக்குவிசை உச்சம். நேராக நின்றால் ஏறக்குறைய ஒன்றுமே தேவையில்லை. அந்த ஓர் இடத்துக்காகப் பெரிய மோட்டாரை வாங்கி, மற்ற நேரமெல்லாம் வெறும் எடையாகச் சுமக்க வேண்டுமா?

முழங்கால் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. மடக்க மடக்கத் தொடும் புள்ளி பின்னால் போகிறது. முன்பக்கத் தசை இழுக்கும் கோட்டுக்கும் அதற்கும் உள்ள தூரத்தை, அதாவது நெம்புகோல் நீளத்தை, கூட்ட இது உதவுகிறது. போதாததற்கு முட்டிச் சில்லு வேறு அந்தக் கோட்டை முன்னுக்குத் தள்ளிப் பிடிக்கிறது. ஆக, முகங்களை வட்டமாக வைக்க வேண்டிய கட்டாயமில்லை. எந்தக் கோணத்தில் எவ்வளவு நெம்புகோல் நீளம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற வளைவைக் கணக்கிட்டு எடுக்கலாம். சும்மா கிடைப்பதில்லை: நெம்புகோல் நீளும் இடத்தில், தசைக்குப் பதிலாக மூட்டை இழுக்கும் கேபிளை மோட்டார் அதிகம் இழுக்க வேண்டும், வேகம் குறையும். குந்தும்போது வேகம் யாருக்கு வேண்டும்?

ஜூன் 15

மூட்டின் 3D பிரிண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 20

வட்டமல்லாத வடிவம் பட்டை தொய்யாமல் உருள்கிறது. சரி, அடுத்த தலைவலி: குவிந்த முகம் குவிந்த முகத்தைத் தொடுவதால் எடையெல்லாம் ஒரே கோட்டில் இறங்குகிறது, பிளாஸ்டிக்கில் அங்கே தழும்பு விழுந்துவிட்டது. முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற பிறை வடிவக் குருத்தெலும்பு, தொடும் பரப்பை அகலமாக்கிச் சுமையைப் பிரித்துக்கொடுக்கிறது. உருளும் மூட்டில் நடுவே அப்படி எதையும் செருகினால் உருளலே கெட்டுப்போகும். மூட்டை அகலப்படுத்தி, முகங்களை அலுமினியத்தில் கடைந்து பார்க்கப் போகிறேன். அப்புறம், காலை நேராக்கி நிற்கும்போது மோட்டார் சூடாகாமல் இருக்க ஒரு பூட்டு வேண்டும். மனிதக் காலில் நீட்டலின் கடைசிப் பாகைகளில் கீழ் எலும்பு லேசாக வெளிப்பக்கம் திரும்பி இறுகிக்கொள்கிறது. என் மூட்டு ஒரே தளத்தில் உருள்வது, அது திரும்பாது. கொக்கி ஒன்றை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.