என்டிசிஐபி டெஸ்டிங்: எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

இசிஇ முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களும், ஓஎம்ஆர் பக்கம் மேனுவல் டெஸ்டிங்கில் இருந்துகொண்டு வேறு துறைக்கு நகர நினைக்கிறவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "என்டிசிஐபி டெஸ்டிங்குக்கு எந்த கோர்ஸ்ல சேரணும்?" நானும் வேளச்சேரி, தரமணி என்று இன்ஸ்டிட்யூட்களில் விசாரித்திருக்கிறேன். யாருக்கும் அந்தப் பெயரே தெரியவில்லை. பரவாயில்லை, இதற்குப் பணம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை.

சிக்னல் கன்ட்ரோலர், சாலையோர மெசேஜ் போர்டு, வானிலை சென்சார் ஆகியவற்றோடு கட்டுப்பாட்டு அறை எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லும் அமெரிக்கத் தரநிலைகள்தான் என்டிசிஐபி. ஆஷ்டோ, ஐடிஇ, நீமா என்ற மூன்று அமைப்புகள் சேர்ந்து வெளியிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்: 1201 எல்லாச் சாதனங்களுக்கும் பொது, 1202 சிக்னலுக்கு, 1203 போர்டுக்கு, 1204 வானிலை நிலையத்துக்கு. ஒரு கம்பெனி செய்த போர்டை இன்னொரு கம்பெனியின் மென்பொருளால் இயக்க முடிய வேண்டும் என்பதே நோக்கம்.

ஐஎஸ்டிகியூபி என்ற, மென்பொருள் சோதனைக்கான சர்வதேசச் சான்றிதழின் அடிப்படைத் தேர்வு எழுதலாமா என்றால், எழுதலாம். 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் பாஸ். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 75 நிமிடம் கிடைக்கும். டெஸ்ட் பிளான், டெஸ்ட் கேஸ் பற்றித் தெளிவாகப் பேச வரும். ரெஸ்யூமேயில் ஒரு வரி சேரும். போர்டு முன்னால் உட்கார்ந்தால் அது மட்டும் போதாது.

உண்மையான பாடம் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் இலவசப் பயிற்சித் தொகுதிகளில் இருக்கிறது. டி101 அறிமுகம், டி201 டெஸ்ட் பிளான், டி202 டெஸ்ட் கேஸ், அப்புறம் போர்டுக்கென்றே டி311. இந்த வரிசையிலேயே பாருங்கள். வீடியோ கொஞ்சம் தூக்கம் வரவழைக்கும், கூடவே வரும் மாணவர் துணைநூலை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

தரநிலையை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவீர்கள். 1203 எடுத்தால் நேராகத் தேவைப் பட்டியலுக்குப் போங்கள். எது கட்டாயம், எது விருப்பம் என்று அங்கே இருக்கும். வாங்குபவர் தனக்கு வேண்டியதை அதில் டிக் செய்து கொடுத்தால்தான் நமக்குச் சோதிக்க ஏதாவது இருக்கும். "என்டிசிஐபிக்கு உட்பட்டது" என்று ஒற்றை வரி எழுதி, எந்தப் பதிப்பு, எந்தெந்த விருப்ப அம்சங்கள் என்று சொல்லாத டெண்டரை வைத்து எதையும் பாஸ் போடலாம், எதையும் ஃபெயில் போடலாம்.

பட்டியலில் ஒரே ஒரு தேவையை எடுத்து, ஒயரில் ஓடும் பைட் வரை துரத்துங்கள். 'போர்டில் ஒரு செய்தியைக் காட்டு' என்பதையே எடுப்போம். முதலில் நினைவகத்தில் ஓர் இடத்தைத் திருத்தும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். செய்தியை எழுத வேண்டும், சரிபார்க்கச் சொல்ல வேண்டும். செய்தி சரி என்று போர்டு சொன்னால், அந்தச் செய்திக்கான சிஆர்சியை (செய்தி மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) படித்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் செயல்படுத்தும் கட்டளை, மொத்தம் 12 பைட்: எவ்வளவு நேரம் (2), முன்னுரிமை (1), நினைவக வகை (1), செய்தி எண் (2), சிஆர்சி (2), அனுப்பியவர் முகவரி (4).

இது ஓடினால் பாதி வேலைதான் முடிந்தது. வேண்டுமென்றே சிஆர்சியை மாற்றி அனுப்புங்கள். போர்டு மறுக்க வேண்டும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த செய்தி அப்படியே நிற்க வேண்டும், மறுத்ததற்குக் காரணம் சிஆர்சி என்று பிழைக்கான ஆப்ஜெக்டில் (போர்டில் நாம் படிக்கவோ எழுதவோ கூடிய ஒரு தகவல்) பதிவாக வேண்டும். மூன்றையும் பார்த்தால்தான் அது சோதனை. பிறகு, ஓடும் செய்தியைவிடக் குறைந்த முன்னுரிமையோடு ஒன்றை அனுப்புங்கள், அதையும் மறுக்க வேண்டும். தகவல்தொடர்பு அறுந்தால் குறித்த நிமிடங்களுக்குப் பிறகு எந்தச் செய்தி வர வேண்டும் என்பதும் தரநிலையில் உண்டு. கேபிளைப் பிடுங்கிவிட்டு டீ குடிக்கப் போகலாம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

போர்டு செய்த கம்பெனியே தரும் மென்பொருளை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தப்பு செய்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். மாமியாரும் மருமகளும் சேர்ந்து கணக்குச் சொன்னால் கேள்வி கேட்க ஆளில்லாத கதைதான். நடுவில் வயர்ஷார்க் என்ற, நெட்வொர்க்கில் ஓடுவதைப் பதிவுசெய்யும் மென்பொருளைப் போட்டுப் பாக்கெட்டைப் பாருங்கள். ரிப்போர்ட்டிலும் அந்தப் பதிவையே இணையுங்கள்.

வீட்டில் போர்டு ஏது என்று கேட்கலாம். என்டிசிஐபி பெரும்பாலும் எஸ்என்எம்பி என்ற நெட்வொர்க் மேலாண்மை நெறிமுறையின் மேல்தான் ஓடுகிறது, யுடிபி 161 போர்ட். ரிட்சி ஸ்ட்ரீட்டில் பழைய மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று வாங்கினால் கெட் (படிப்பது), செட் (எழுதுவது), வாக் (வரிசையாகப் படித்துப் போவது) எல்லாம் கைக்கு வந்துவிடும். வாங்கும்போது எஸ்என்எம்பி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டளைகளை அனுப்பும் நெட்-எஸ்என்எம்பி மென்பொருள் இலவசம். 1203-இன் மிப் ஃபைலை (ஆப்ஜெக்டுகளின் பெயர், எண் பட்டியல்) ஏற்றும்போது பிழை வந்தால் பயப்பட வேண்டாம், அது சார்ந்திருக்கும் ஃபைல்களை முதலில் ஏற்ற வேண்டும். போர்டின் ஆப்ஜெக்டுகள் 1.3.6.1.4.1.1206.4.2.3 என்ற கிளையின் கீழ் வரும். இந்த எண் மனப்பாடமாக இருந்தால் பாக்கெட் படிக்கும்போது கண் தானாக நிற்கும்.

நம் ஊர்ப் போர்டு என்றால் ஒரு கூடுதல் தலைவலி, தமிழ். தரநிலையின் எழுத்துருப் பட்டியலில் ஓர் எண்ணுக்கு ஒரு படம். 'கொ' என்பது முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். எழுத்துகளை வரிசையாக அடுக்கும் போர்டு இதைக் குழப்பிவிடும். முழுச் செய்தியையும் படமாக ஏற்றுவது ஒரு வழி, ஆனால் அப்போது கிராபிக்ஸ் என்ற விருப்ப அம்சம் பட்டியலில் டிக் ஆகியிருக்க வேண்டும். நேர்முகத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

போர்டு பிடிபட்ட பிறகு 1202-க்குப் போகலாம். வாகனத்தோடு பேசும் சாலையோர யூனிட்டுகளை மட்டும் கடைசிக்கு வையுங்கள். அங்கே செய்திகள் எஸ்ஏஇ ஜே2735 என்ற தரநிலைப்படி, யுபிஇஆர் என்ற குறியாக்க முறையில் பிட் பிட்டாக நெருக்கி அடுக்கப்பட்டு வரும். டிகோடர் இல்லாமல் வெறும் கண்ணால் படிக்க முடியாது.