நேவி விளையாட்டும் ஒரு மனுத்தாளும்

சங்கம் வெளியிடும் மலருக்குப் பள்ளி நினைவு ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது எனக்கு வகுப்பறை ஞாபகம் வரவில்லை, இன்டர்வெல் மணிதான் ஞாபகம் வந்தது. மணி அடித்ததும் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற மணலுக்கு ஓடுவோம். அங்கேதான் நேவி விளையாட்டு, அதாவது கடற்படை விளையாட்டு.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை தூத்தூர் பக்கத்து எட்டு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்பாமார் சுறாவுக்குத் தூண்டில் போட ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், கொச்சியிலிருந்து போட்டை, அதாவது மீன்பிடிப் படகை, எடுத்தால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 370 கிலோமீட்டர் வரை நம் கடல். நடுவில் வேறு நாடு வந்தால் அதற்கு முன்னாலேயே கோடு வந்துவிடும். இலங்கையோடும் மாலத்தீவோடும் அந்தக் கோட்டுக்கு 1976-ல் ஒப்பந்தம் போட்டார்கள். தாளில் போட்ட கோடு தண்ணீரில் தெரியாது, தூண்டில் கயிறு மைல் கணக்கில் கிடக்கும், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும், இன்ஜினும் நின்றுவிட்டால் அப்புறம் கடல் கொண்டுபோகிற இடம்தான்.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் கள்ளன் போலீஸ் விளையாடினார்கள். எங்களுக்குப் பாதிப்பேர் போட்டு, பாதிப்பேர் நேவி. காலால் மணலில் ஒரு கோடு இழுப்போம், தாண்டினால் பிடிபடுவோம், பிடிபட்டவர்களுக்குக் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழல்தான் ஜெயில். ஓடி ஓடிக் கோடு அழிந்துவிடும். "நான் தாண்டல்ல, கோடு இங்கதான் கிடந்தது" என்று அழுதுகொண்டே சண்டை போடுவோம். பிடிபட்டவர்களை விடச் சொல்லிப் பெண்பிள்ளைகள் மனு கொண்டுபோவோம். கல்லின்மேல் ஒருத்தி ஆபீசராக உட்கார்ந்திருப்பாள், "நாளைக்கு வாங்க" என்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா போன போட்டைப் பிடித்துவிட்டார்கள். நான்கு மாதம் வரவில்லை. வீட்டில் யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தார்கள். ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து விளையாட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அடிப்பாள் என்று தாளை மடியில் மறைத்தேன். அதை வாங்கிப் படித்துவிட்டு, "போட்டு நம்பர் எழுதல்லியே மக்ளே, நம்பர் இல்லேன்னா வாங்கமாட்டாவ" என்றாள். மேலே இடது ஓரத்தில் அவளே எழுதித் தந்தாள்.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அவன் எப்போதும் நேவிதான், போட்டாக மாட்டேன் என்று அடம்பிடிப்பான். யாரைப் பிடித்தாலும் உடனே தேங்காய்ச் சிரட்டையில் மண்சோறு அள்ளிக்கொண்டு வந்து வைத்து, "தின்னு, தின்னு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். தின்றதுபோல் வாயசைத்தால்தான் எழுந்து போவான். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு, "அப்பாவுக்கு அங்க சோறு குடுப்பாவளா?" என்று அவன் கேட்ட பிறகுதான் எனக்கு அந்தச் சிரட்டை விளங்கியது.

ஒரு டீச்சர் இந்த விளையாட்டையே கூடாது என்று தடுத்தார். நல்ல மனதோடுதான் செய்தார், ஆனாலும் அது தப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் பதினாறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஊசிக்குப் பயந்து அலறின பிள்ளை, மறுநாள் தன் பொம்மைக்கு ஊசி போடும். அதைப் பிடுங்கினால் அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் வைக்கும்? எல்லைக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைகளிடம் என்ன விளையாடுகிறீர்கள் என்று கேளுங்கள், பெரியவர்கள் சொல்லாமல் விட்டதெல்லாம் அதில் இருக்கும்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், பாதியாக மெலிந்து. தம்பி கிட்டே போகாமல் வாசலிலேயே நின்று, "சோறு தந்தாவளா?" என்று கேட்டான். "தந்தாவ மக்ளே" என்றார் அப்பா.

மறுநாள் இன்டர்வெல்லில் ஆள் பிரிக்கும்போது அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். "நான் இன்னைக்கு போட்டு" என்றான்.