18 ஏக்கர், 5 குதிரைகள்: அப்பாவின் பண்ணையை விற்ற அனுபவம்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் எங்கள் பண்ணை. 1986ல் அப்பா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. 18 ஏக்கர். 6 ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம், தென்னையும் குதிரை மசாலும். மீதி முழுக்கக் கொறங்காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காங்கேயம் மாடு மேய்வதற்காக எங்கள் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் மேய்ச்சல் நிலம் அது. அப்பா அதில் மாட்டோடு குதிரையும் மேய்த்தார்.

2021 டிசம்பரில் அப்பா தவறிவிட்டார். நான் ஈரோட்டில், தங்கை வெள்ளகோவிலில், தம்பி சிங்கப்பூரில். அம்மாவால் அங்கே தனியாக இருக்க முடியவில்லை. விற்பது என்று முடிவெடுத்தோம். 2023 தை மாதம் தொடங்கி, பத்திரம் பதிந்து முடிக்க 13 மாதம் ஆனது. அலைந்தது பெரும்பாலும் நான்தான். இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் நிறைய இருப்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன். பண்ணையில் கால்நடை, முக்கியமாகக் குதிரை இருந்தால், தயவுசெய்து குதிரை பற்றிய பகுதியை நிதானமாகப் படியுங்கள். அதில்தான் நாங்கள் தப்பு செய்தோம்.

முதல் முட்டுக்கட்டை வந்தது வாரிசில். அப்பா உயில் எழுதவில்லை. அம்மா, நாங்கள் மூன்று பேர், ஆக நான்கு பங்கு என்றே நினைத்திருந்தோம். வக்கீல் வாரிசு சான்றிதழைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அப்பா இறந்தப்போ அவரோட அம்மா உயிரோட இருந்தாங்களா?" இருந்தார். அப்பத்தா அப்பாவுக்குப் பிறகு 8 மாதம் இருந்து, 2022 ஆகஸ்டில் போனார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, பிள்ளைகளுக்கு என்ன பங்கோ அதே பங்கு தாய்க்கும் உண்டு. அதனால் அப்பாவின் நிலம் ஐந்து பங்காகிறது. அப்பத்தாவும் உயில் எழுதாமல் இறந்ததால் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகிறது: சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, அப்பாவின் பிள்ளைகளான எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒன்று. கணக்குப் போட்டால் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் மொத்த நிலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு தலைக்கு வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஏக்கருக்கு மேல்.

இதைக் கேட்டதும் வீட்டில் கொஞ்சம் கசப்பு வந்தது, மறைக்க விரும்பவில்லை. தம்பி போனில், "அக்கா, அப்பா காசுல வாங்கினதுல அவங்களுக்கு என்ன?" என்றான். சட்டம் தெளிவாக இருக்கிறது, அது அப்பத்தாவுக்குச் சேர வேண்டியது, அப்பத்தா வழியாக அவர்களுக்கு வருகிறது என்று சொல்லிப் புரியவைத்தேன். நானே சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுவிட்டு, "நீ வந்து சொன்னதே போதும் அம்மிணி, எங்கே கையெழுத்துன்னு சொல்லு" என்றார். பணம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சித்தப்பாவும் அத்தையும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகச் சேர்ந்தார்கள், அவரவர் பங்குத் தொகை அவரவர் கணக்குக்குப் போனது. அப்பத்தாவுக்குத் தனியாக ஒரு வாரிசு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. ஒளித்து விற்றிருந்தால் வாங்கியவருக்கு என்றைக்காவது ஒரு நாள் வழக்கு வந்திருக்கும்.

அடுத்தது அளவு. பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். 18 ஏக்கர் என்றால் பட்டாவில் 7.28.5 இருக்க வேண்டும். எங்கள் பட்டாக்களைக் கூட்டினால் 7.12.0 தான் வந்தது. 41 சென்ட் குறைகிறது. அப்பாவுக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ. புலப்பட நகல் வாங்கிப் பார்த்தபோதுதான், முன்பு சாலையை அகலப்படுத்தியபோது முன்பக்கம் ஒரு கீற்று உட்பிரிவாகிப் புறம்போக்கில் சேர்ந்திருப்பது தெரிந்தது. சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டு, 17 ஏக்கர் 59 சென்ட் என்றே விலை பேசினோம். வாங்க வருபவர் அளந்து கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது. பேச்சில் மரியாதை நிற்கும்.

வில்லங்கச் சான்றிலும் ஒன்று கிடந்தது. 1994ல் பயிர்க்கடனுக்காக வைத்த ஒரு அடமானம். கடனைக் கட்டி முடித்து 25 வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதியவில்லை. அப்பா கட்டிய சீட்டுகளைத் தீவனக் கொட்டகையில் இருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதைக் காட்டி ரசீது பதிந்து வாங்க 7 வாரம் ஆனது.

தம்பியால் நேரில் வர முடியவில்லை. சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று என் பெயருக்குப் பொது அதிகாரம் எழுதி அனுப்பினான். வெளிநாட்டில் எழுதிய ஆவணம் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும். கூரியர் உறையை, தேதி முத்திரையோடு, தூக்கிப் போடாமல் வையுங்கள்.

இனி வாங்க வந்தவர்கள். முதலில் மனசுக்குப் பிடித்து வந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒரு தமிழர். குதிரைகளை அவர் பார்த்த பார்வையிலேயே அம்மாவுக்கு நிம்மதி வந்துவிட்டது. ஆனால் வெளிநாடுவாழ் இந்தியரோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவரோ இந்தியாவில் விவசாய நிலத்தையும் பண்ணை வீட்டையும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசாக வந்தால் வைத்திருக்கலாம், இங்கே குடியிருப்பவருக்கு விற்கலாம். எங்கள் தம்பி நிலைமை அதுதான். மாமனார் பெயரில் வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னார். அது பினாமிச் சிக்கலில் போய் முடியும் என்று வக்கீல் தடுத்துவிட்டார். இரண்டு மாதம் போனது.

அப்புறம் வந்த ஒருவர் பாதியைப் பணமாகத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றோம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி அபராதத்துக்குரியது. மேலும் ஆறு பேர் பங்குள்ள சொத்தில் கணக்கில் வராத பணம் புகுந்தால் குடும்பம் உடையும்.

மூன்றாமவர் திருப்பூர்க்காரர். 2023 ஆகஸ்டில் அவரோடு கிரய ஒப்பந்தம் போட்டு, 10 சதவீதம் முன்பணம் வாங்கினோம். குதிரைகளையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாக வாயால் சொன்னார். நாங்களும் நம்பினோம். எழுதி வாங்கவில்லை.

குதிரைகள் ஐந்து. கருப்புப் பெட்டை கருப்பி. காலில் நான்கும் நெற்றியில் ஒன்றுமாக வெள்ளை இருந்த செவலை மார்வாரிப் பெட்டை, அப்பா அதைப் பஞ்சகல்யாணி என்றே கூப்பிடுவார். காயடித்த நுக்ரா வெள்ளை ஒன்று. காது நுனி வளைந்து ஒன்றையொன்று தொடும் இளம் மார்வாரி ஆண்கள் இரண்டு. தினமும் காலை 6 மணிக்கு ஊறவைத்த கொள்ளைத் தகர வாளியில் போட்டு அப்பா லாயத்துக்குள் போவார். கருப்பிக்கு மட்டும் வாளியைக் கையில் பிடித்தபடியே ஊட்டுவார். அப்பாவுக்குப் பிறகு, 22 வருடமாக எங்களோடு இருந்த குதிரைக்காரர் அதைச் செய்தார்.

பத்திரப்பதிவுக்கு 26 நாள் இருக்கும்போது திருப்பூர்க்காரர் கூப்பிட்டார். "குதிரை நமக்குத் தோதுப்படாதுங்க. லாயத்தைக் காலி பண்ணிக் குடுத்துருங்க." ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். 'சுவாதீனத்தைக் காலியாக ஒப்படைக்க வேண்டியது' என்று இருந்தது. அவர் கேட்டது ஒப்பந்தப்படி சரி. பஞ்சகல்யாணி அப்போது சினையில் பத்தாவது மாதம். குதிரைக்குச் சினைக்காலம் 11 மாதம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நிலத்துக்கு மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், 30 வருட வில்லங்கம் என்று கட்டுக்கட்டாகக் காகிதம் சேர்த்திருந்தேன். குதிரைகளுக்கு என்று என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. உயிருள்ளவை அவைதான், அவற்றைத்தான் கடைசிக்கு விட்டிருந்தோம்.

மறுநாள் அரசு கால்நடை மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். ஐந்துக்கும் ரத்தம் எடுத்து கிளாண்டர்ஸ் சோதனைக்கும் தொற்று ரத்தசோகைச் சோதனைக்கும் அனுப்பினார். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் சட்டப்படி அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிட வேண்டும். இந்தச் சோதனை முடிவு இல்லாமல் நல்ல பண்ணைக்காரர் யாரும் தன் லாயத்துக்குள் புதுக் குதிரையை விடமாட்டார், விடவும் கூடாது. முடிவு வர 3 வாரம் ஆனது. ஐந்தும் சுத்தம். விற்கத் தொடங்கும் நாளிலேயே இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து குதிரை வளர்க்கும் ஒருவர் வந்தார். கருப்பிக்கு 12 வயது இருக்கும் என்று நினைவிலிருந்து சொன்னேன். அவர் பதில் பேசாமல் கருப்பியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, மேலுதட்டை மெதுவாகத் தூக்கி, மேல்வரிசையில் ஓரத்து முன்பல்லைத் துண்டால் துடைத்தார். பல்லின் வெளிப்பக்கம், ஈறிலிருந்து இறங்கும் ஒரு பழுப்புக் கோடு. "இந்தக் கோடு பத்து வயசு வாக்குல ஈறோரம் தெரியும். பதினஞ்சுல பாதிப் பல்லுக்கு வரும். இருபதுல பல்லு முழுக்க இறங்கிரும். இங்க பாருங்க, பாதியைத் தாண்டியாச்சு. பதினாறுக்குக் குறையாதுங்க." அப்பாவின் நோட்டைத் தேடி எடுத்தேன். '2012 ஆடி, அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, கருப்புப் பெட்டை, 5 வயது' என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அவர் சொன்னது சரி. பொய் சொல்லவில்லை, தெரியாமல் சொன்னேன் என்றேன். "தெரியுதுங்க" என்றார். இளம் மார்வாரி ஆண்கள் இரண்டையும் அவரே எடுத்துக்கொண்டார். வயது, நிறம், சுழி, அடையாளம், சோதனை முடிவு எல்லாம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுத் தனி விற்பனைச் சீட்டு. குதிரை அசையும் பொருள், அதை நிலப் பத்திரத்தோடு கலக்காதீர்கள் என்று வக்கீல் அழுத்திச் சொன்னதும் இதைத்தான்.

நுக்ரா கோவையில் ஒரு சவாரிப் பள்ளிக்குப் போனது. கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை, ஒரு தடவை சொல்லாமல், அங்கே போய் நின்று பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவியிருந்தது, குதிரைகளின் குளம்பு சீவியிருந்தது, லாடம் புதிது. சம்மதித்தேன். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விடுபவர் அதைவிடக் கூடுதலாகவே கேட்டார். மேளத்துக்கும் பட்டாசுக்கும் நடுவே அதை நிறுத்த மனம் வரவில்லை.

பஞ்சகல்யாணியை லாரியில் ஏற்ற மருத்துவர் தகுதிச் சான்று தர மறுத்துவிட்டார். அது இல்லாமல் ஏற்றவும் கூடாது. திருப்பூர்க்காரரிடம் நேரில் போய் நின்றேன். குட்டி போட்டு 60 நாள் வரை லாயமும் 2 ஏக்கர் கொறங்காடும் எங்களிடமே இருக்கட்டும், எழுதித் தருகிறேன் என்றேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார். "வயித்துல குட்டியோட எங்க கொண்டுபோவாங்க, இருக்கட்டுங்க" என்று அந்த அம்மாதான் சொன்னார். அதையும் தனிக் கடிதமாக எழுதிக் கையெழுத்து வாங்கினேன், இந்த முறை விடவில்லை.

பதிவு நாள் சீக்கிரம் முடிந்தது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், வாங்குபவர் செலவு. காங்கேயம் நகராட்சி எல்லையிலிருந்து 9 கிலோமீட்டர் தள்ளியிருப்பதால் எங்களுடையது கிராமப்புற விவசாய நிலம், அதனால் 1 சதவீத வரிப் பிடித்தம் இல்லை. தூரத்தை வான்வழியாகத்தான் கணக்கிடுவார்கள், அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டேன். தோட்டத்து மின் இணைப்பைப் பெயர் மாற்றும் விண்ணப்பத்திலும் அன்றே கையெழுத்துப் போட்டாயிற்று. தம்பி பங்கு, வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்குப் போனது.

கிளுவை வேலியைப் பிடுங்க வேண்டாம் என்று வாங்கியவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் நிலம் இனி. ஆனாலும் கேட்டேன். அந்த வேலிக்குள்தான் புல் நிற்கிறது.

பஞ்சகல்யாணி ஒரு விடியற்காலையில் பெட்டைக் குட்டி போட்டது. இரண்டையும் சித்தப்பா விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். குதிரைக்காரரையும் அவரே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

கருப்பியை யாருக்கும் விற்கவில்லை. தங்கை தோட்டத்துக்கு, வெள்ளகோவிலுக்கு அனுப்பினோம். போன முதல் நான்கு நாள் பசும்புல்லை மட்டும் கடித்தது, கொள்ளைத் தொடவே இல்லை. தங்கை அழுதுகொண்டே போன் செய்தாள். குதிரைக்காரரிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் காலை அவர் முதல் பஸ்ஸில் வெள்ளகோவிலில் போய் இறங்கியிருக்கிறார், கையில் பழைய லாயத்திலிருந்து எடுத்துப் போன தகர வாளி. கொள்ளை அதில் போட்டு, கீழே வைக்காமல், கையில் பிடித்தபடியே நின்றாராம். கருப்பி வாளிக்குள் தலையை விட்டதும் தங்கை எனக்கு வீடியோ அழைப்பு போட்டாள். வாளியின் அடியில் மூக்கு உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.