பிள்ளைக்கு என்ன பாவம்?

போன மாதம் தங்கை மகளுக்குத் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம். சாமியார், ஆதாமுடைய பாவம் பிறக்கும்போதே எல்லாருக்கும் ஒட்டி வருகிறது, அதுதான் ஜென்மப் பாவம் என்று ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த பாட்டி, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பொறந்து நாப்பது நாளு ஆகல்ல, இதுக்கு என்ன பாவம் மக்களே?"

பாட்டிக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. அவளுடைய மூத்த பிள்ளை, எனக்குப் பெரியப்பாவாக இருந்திருக்க வேண்டியவர், பிறந்த மூன்றாம் நாள் ராத்திரி போய்விட்டார். ஞானஸ்நானம் ஆகவில்லை. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம் என்பது சபையின் சட்டம்தான், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்? தாத்தா பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுபோனபோது கல்லறைத்தோட்டத்துக்குள்ளே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மதிலுக்கு வெளியே, கடல் பக்கம், ஒரு பூவரசு மூட்டில்தான் குழி வெட்டினார்கள்.

அந்த மதிலுக்கு அஸ்திவாரம் போட்டவர் யார் என்று தேடிப் போனால் வட ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் விடும். ஜென்மப் பாவக் கொள்கைக்கு வடிவம் கொடுத்த புனித அகுஸ்தினார். 354-ல் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர், இன்றைக்கு அது அல்ஜீரியா. அழுது அழுதே மகனை மனந்திருப்பிய மோனிக்கம்மாள் கதை நம் மறைக்கல்வி வகுப்பில் எல்லாருக்கும் சொல்லித் தந்ததுதான். தன் வாழ்க்கையைச் சொல்லும் நூலில், பதினாறு வயதில், பசிக்காக இல்லாமல் சும்மா திருடுகிற ருசிக்காகப் பேரிக்காய் திருடியதை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். (பக்கத்து விளையில் கொல்லாம்பழம் பறித்துக் கடித்துப் போட்ட நாமெல்லாம் எத்தனை பக்கம் எழுதுவது!) அதே நூலில், பேசக்கூடத் தெரியாத ஒரு குழந்தை, இன்னொரு குழந்தை பால் குடிப்பதை முகம் வெளிறி முறைத்துப் பார்த்ததைத் தானே கண்டதாகவும் சொல்கிறார். குழந்தைக்குள்ளேயும் பாவம் இருக்கிறது என்பதற்கு அவருக்கு அது சாட்சி.

ஆனால் கொள்கை இறுகியது பெலாஜியுஸோடு சண்டை வந்தபிறகுதான். பிரிட்டனிலிருந்து வந்த துறவி அவர், மனிதன் முயன்றால் நல்லவனாக வாழ முடியும் என்றார். அகுஸ்தினார் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: அப்படியானால் சபை எதற்குக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது? பாவ மன்னிப்புக்கு என்று சொல்லித்தானே கொடுக்கிறோம், குழந்தை தானாக ஒன்றும் செய்யவில்லை என்றால் ஆதாமுடையதுதானே அது? கவனியுங்கள், வழக்கம் முதலில் இருக்கிறது, காரணம் பின்னால் வருகிறது. இதற்கு விவிலியத்தில் ரோமையர் 5:12-ஐயும் துணைக்கு எடுத்தார். அவர் கையிலிருந்த லத்தீன் பெயர்ப்பில் 'அவனில் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று இருந்தது. கிரேக்கத்தில் 'எல்லாரும் பாவம் செய்ததால்' என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் இன்று வாசிக்கிறார்கள். கிரேக்கம் பேசிய கீழைச் சபைகள் ஆதாமிடமிருந்து மரணம் வந்தது என்றன, குற்றமும் வந்தது என்று சொல்லவில்லை. தக்கலைக்குப் பக்கத்தில் திருவிதாங்கோடு அரப்பள்ளி இருக்கிறதே, அந்த ஆர்த்தடாக்ஸ் மரபும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது, ஆனால் இந்தக் கணக்கு இல்லாமல்.

அகுஸ்தினாருக்கே இது உறுத்தியது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 415-ல், விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த எரோணிமுஸுக்கு எழுதிய கடிதத்தில், குழந்தைகளின் தண்டனை என்று வரும்போது பதில் தெரியாமல் திணறுகிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். இருக்கிறதிலேயே மிக லேசான தண்டனை என்று வேறோரிடத்தில் குறைத்துப் பார்த்தார், ஆனால் விடவில்லை. இத்தாலியில் ஜூலியான் என்ற ஆயர், நீதியுள்ள கடவுள் பச்சைக் குழந்தையைத் தண்டிப்பாரா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மறுப்பு எழுதி முடிக்காமலேயே 430-ல் அகுஸ்தினார் இறந்தார், அவர் ஆயராக இருந்த ஹிப்போ நகரத்தை வாண்டால்கள் என்ற ஜெர்மானியப் படை முற்றுகை போட்டிருந்த நேரம்.

அப்புறம் அது எங்கெங்கோ போனது. இடைக்காலத்தார் மனசு கேட்காமல் லிம்போ என்று ஓரமாக ஓர் இடம் ஒதுக்கினார்கள், வேதனையும் இல்லை, மோட்சமும் இல்லை. சீர்திருத்தம் தொடங்கிய லூத்தர் அகுஸ்தினார் சபைத் துறவி, இன்னொரு சீர்திருத்தக்காரரான கால்வினும் அவரைத்தான் தூக்கிப் பிடித்தார், ஆக மயிலாடி வழியாக நம் பக்கம் வந்த சீர்திருத்தச் சபைக்காரர்களும் இதில் ஒரு பங்காளிதான். ஆனால் நம் கடற்கரைக்கு அது வந்தது மறைபரப்ப வந்த புனித சவேரியாரோடு. 1544-ல் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே எழுதுகிறார், கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த அவசரம் ஏன்? தண்ணீர் படாமல் செத்தால் போச்சு என்ற பயம் அதில் பெரிய பங்கு. பின்னால் ஜப்பானில், செத்துப்போன எங்கள் தாய்தகப்பன் என்ன ஆவார்கள் என்று அழுதவர்களிடம், வழியில்லை என்று சொல்லிவிட்டுத் தானும் சங்கடப்பட்டார்.

1983-ல் வந்த கத்தோலிக்கச் சபையின் புதிய சட்டத்தொகுப்பு, பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தால் அந்தக் குழந்தைக்கும் சபை அடக்கம் செய்ய அனுமதி கொடுத்தது. 2007-ல் வத்திக்கானின் இறையியல் குழு, லிம்போ ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை, அந்தக் குழந்தைகளுக்கு மீட்பு உண்டு என்று நம்ப இடமிருக்கிறது என்றது. அதை வெளியிட அனுமதித்த போப் பதினாறாம் பெனடிக்ட் முனைவர் பட்டம் வாங்கியதே அகுஸ்தினாரைப் பற்றி எழுதித்தான்!

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். 2007 அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வருஷாவருஷம் பூவரசு மூட்டில் அவள் ஒரு மெழுகுதிரி கூடுதலாக வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"அந்த அகுஸ்தினாருக்குப் பிள்ள உண்டா?" என்று கேட்டாள்.

ஒரு மகன், பெயர் அதெயோதாத்துஸ், பதினாறு பதினேழு வயதில் செத்துப்போனான் என்றேன்.

"ஞானஸ்நானம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது பாட்டி. 387-ல், அப்பாவோட சேர்ந்து ஒரே நாளில்."

"ஆங். அப்போ அவருக்குத் தெரியாது" என்று அடுத்த நெத்திலியை எடுத்தாள்.